தீக்குச்சியின் தலையெழுத்து

கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் இடையே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் காவேரிப்பட்டினத்தை வெளியூர்க்காரர்கள் மாம்பழத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள். இந்தப் பக்கத்தில் தொழில் என்று பேச்சு வந்தால் ஓசூர் சிப்காட்டைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் தீப்பெட்டித் தொழிலில் இந்த ஊருக்கென்று ஓர் இடம் உண்டு. தெற்கே சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று ஒரு வட்டாரம். வடக்கே குடியாத்தம், காவேரிப்பட்டினம், தர்மபுரி என்று இன்னொரு வட்டாரம். நாட்டில் உரசப்படும் தீக்குச்சிகளில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு வட்டாரங்களிலிருந்தே போகிறது. இத்தொழிலைப் பற்றிய பேச்சில் இரண்டு குரல்கள் ஓயாமல் கேட்கும். சட்டம் போட்டுப் போட்டே சிறுதொழிலை ஒழித்துவிட்டார்கள் என்பது உற்பத்தியாளர் குரல். சட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அமல்படுத்தத்தான் ஆளில்லை என்பது அதற்கு எதிர்க்குரல். இந்தத் தொழிலின் நூறாண்டு வரலாற்றை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு குரல்களும் ஒரே விஷயத்தைத் தவறவிடுவது தெரியும். ரசாயனப் பாதுகாப்புச் சட்டங்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. ஆபத்தான பொருளையே தொழிலுக்குள் விடாமல் தடுத்த சட்டம் ஒரு வகை. பொருளை உள்ளே விட்டுவிட்டு, அதைக் கையாளும் ஆளிடம் பத்திரமாக இருந்துகொள் என்று சொன்ன சட்டம் இன்னொரு வகை. முதல் வகை இத்தொழிலை வாழவைத்தது. இரண்டாவது வகை ஆளையும் முழுதாகக் காக்கவில்லை, தொழிலையும் காக்கவில்லை.

இதை விளங்கிக்கொள்ளத் தீக்குச்சிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். குச்சியின் தலையில் இருக்கும் மருந்தில் பாதி அளவுக்குப் பொட்டாசியம் குளோரேட். அதோடு கொஞ்சம் கந்தகம், கண்ணாடித் தூள், நிறம், எல்லாவற்றையும் பிடித்துவைக்கப் பசை. பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருக்கும் பழுப்புப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் உலர்ந்த நிலையில் ஒன்றாகச் சேர்ந்தால் லேசான உராய்விலேயே வெடிக்கும். அதனால்தான் ஒன்றைக் குச்சியிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் பிரித்து வைத்தார்கள். பாதுகாப்புத் தீக்குச்சி என்ற பெயர் வந்ததே இந்தப் பிரிவினையால்தான். கைவேலைக் கூடத்திலும் இந்தப் பிரிவினை வேலை நடக்கும் முறையிலேயே தெரியும். குளோரேட்டை ஈரத்தோடு அரைத்து, சூடான பசையில் கலந்து, தட்டில் ஒரே கனத்துக்குப் பரப்புவார்கள். சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கிய குச்சிகளை மெழுகில் தொட்டெடுத்து, பிறகு அந்த மருந்தில் முக்கி எடுத்து, அப்படியே உலரவைப்பார்கள். பெட்டிக்குப் பட்டை தடவுவது தனி இடத்தில் நடக்கும் தனி வேலை. இந்த இரண்டு மருந்தும் ஒரே மேசைக்கு வரக்கூடாது என்பதுதான் இத்தொழிலின் முதல் பாடம்.

ஆனால் தீக்குச்சி பிறந்தபோது இப்படி இல்லை. 1830 வாக்கில் பிரான்சில் சார்ல் சோரியா வெள்ளை பாஸ்பரஸைக் குச்சித் தலையில் வைத்தார். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் குச்சி கிடைத்தது. சுவரிலும் செருப்பிலும் உரசிக்கொள்ளலாம், விலையும் மலிவு. அதன் விலையை வேறு ஆட்கள் கொடுத்தார்கள். வெள்ளை பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல் வலியில் தொடங்கித் தாடை எலும்பே அழுகிப்போகும் நோய் வந்தது. வியன்னாவில் மருத்துவர் லோரின்சர் 1845இல் அதை விவரித்து எழுதிவிட்டார். அதே பத்தாண்டில் அந்த நகரத்திலேயே ஆன்டன் ஷ்ரோட்டர், நச்சில்லாத சிவப்பு பாஸ்பரஸைக் கண்டறிந்தார். ஸ்வீடனில் குஸ்டாஃப் எரிக் பாஷ் 1844இல் பாதுகாப்புத் தீக்குச்சிக்குக் காப்புரிமை பெற்றார். யோன்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கி, 1855இல் பாரிஸ் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்கள். அதாவது, நோயும் மாற்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உலகுக்குத் தெரிந்துவிட்டன. அப்படியிருந்தும் வெள்ளை பாஸ்பரஸ் இன்னும் அரை நூற்றாண்டு ஓடியது. மாற்றுப் பொருளின் விலை சற்று அதிகம் என்பதும், எங்கும் உரசலாம் என்ற வசதியை வாங்குபவர்கள் விட மறுத்ததும் காரணம்.

அந்த அரை நூற்றாண்டில் பிரிட்டன் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. பொருளைத் தடுக்காமல் தொழிற்சாலைக்குள் நடத்தையைத் திருத்தப் பார்த்தார்கள். காற்றோட்டம் வேண்டும், சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும், பற்களைப் பரிசோதிக்க வேண்டும், நோய் வந்தால் அறிவிக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. லண்டன் போ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் 1888 ஜூலையில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அவர்கள் படும் பாட்டைக் கட்டுரையாக எழுதி ஊர் முழுக்கப் பேசவைத்தவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவராக அமர்ந்து, 1917இல் காங்கிரஸ் தலைவரும் ஆன அன்னி பெசன்ட். வேலைநிறுத்தம் வென்றது, வெள்ளை பாஸ்பரஸ் போகவில்லை. பத்தாண்டு கழித்து, 1898இல், பதினேழு பேருக்கு வந்த தாடை நோயை அறிவிக்காமல் மறைத்ததற்காக அதே நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத் தொகை 25 பவுண்டும் சில்லறையும். நோயை மறைப்பதில் லாபம் அதிகம், அபராதம் சொற்பம் என்றால் எந்த முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நடத்தை விதியின் பலவீனம் இதுதான். அதை மீறினால் தெரிவதே இல்லை. தெரியவைக்க வேண்டிய கணக்குப் புத்தகமும் மீறியவர் கையிலேயே இருக்கிறது.

பொருளைத் தடுக்கும் வழியை ஃபின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் எடுத்துவிட்டன. 1898இல் பிரான்சில் பாஸ்பரஸ் செஸ்குவிசல்ஃபைடு என்ற, எங்கும் உரசத்தக்க, தாடையை அழுகவைக்காத மாற்று வந்ததும் எதிர்ப்பின் கடைசிக் காரணமும் தளர்ந்தது. 1906 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஏழு நாடுகள் வெள்ளை பாஸ்பரஸ் தீப்பெட்டியைத் தயாரிப்பதில்லை, விற்பதில்லை, இறக்குமதி செய்வதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டன. ஒரு நச்சுப் பொருளுக்காகத் தொழிலாளர் நலனை முன்வைத்து நாடுகள் செய்த மிகத் தொடக்க கால உடன்பாடுகளில் இது ஒன்று. பிரிட்டன் 1908இல் சட்டம் இயற்றி 1910இல் நடைமுறைப்படுத்தியது. நேரடித் தடைக்கு அரசியல் சட்டத்தில் வழி காணாத அமெரிக்கா, 1912இல் நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் என்று வரி போட்டு அந்தக் குச்சியை விற்கவே முடியாமல் செய்தது. பிரிட்டிஷ் இந்திய அரசு 1913இல் வெள்ளை பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜப்பான் 1921இலும் சீனா 1925இலும்தான் அந்த இடத்துக்கு வந்தன.

1913ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு மறுப்பு வரும். அப்போது இந்தியாவில் தீப்பெட்டித் தொழிலே பெரிதாக இல்லையே. ஆமதாபாத்தில் 1890களில் தொடங்கிய ஆலையைப் போல ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ஸ்வீடன், ஜப்பான் சரக்கு. யாருடைய வயிற்றிலும் அடிக்காத சட்டத்தை வெற்றி என்று கொண்டாடுவது சுலபம்தானே? இந்த மறுப்பில் உள்ள தகவல் சரி. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு தலைகீழ். சட்டம் முதலில் வந்தது, தொழில் பின்னால் வந்தது என்பதே இங்கே முக்கியம். 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் என்று சுங்க வரி ஏறியது. அரசுக்கு வேண்டியது வருமானம்தான். ஆனால் உள்நாட்டில் செய்தால் கட்டுப்படியாகும் என்ற நிலையை அந்த வரி உண்டாக்கிவிட்டது. அடுத்த ஆண்டே ஸ்வீடன் நிறுவனம் விம்கோ என்ற பெயரில் இங்கேயே ஆலை தொடங்கியது. அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்று வந்தார்கள். 1928இல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை நிலைப்படுத்தியது. பத்தாண்டு முன்பே வெள்ளை பாஸ்பரஸுக்குக் கதவு சாத்தப்பட்டிருந்ததால், இங்கே தொழில் கற்றவர்கள் கற்றதே பாதுகாப்புத் தீக்குச்சியைத்தான். மாற்றிக்கொள்ள வேண்டிய பழைய இயந்திரம் இல்லை, தூக்கியெறிய வேண்டிய கையிருப்பு இல்லை, இழப்பீடு கேட்க ஆளும் இல்லை. விதிக்குள்ளேயே பிறந்த தொழில் என்பதால் விதி அதற்குச் சுமையாகவே தெரியவில்லை.

நடந்ததை மறுபக்கமிருந்தும் யோசிக்கலாம். தமிழ்நாட்டில் தீப்பெட்டி பரவிய விதம் ஐரோப்பாவிலிருந்து வேறு. அங்கே பெரிய ஆலை. இங்கே வானம் பார்த்த பூமியில் சிறு கூடங்களும் வீட்டுத் திண்ணைகளும். பெட்டி ஒட்டுவது, குச்சி அடுக்குவது எல்லாம் பெண்கள் வீட்டிலும் கூடத்திலும் கைப்பழக்கமாகச் செய்த வேலை. காவேரிப்பட்டினம் வட்டாரத்துக்கும் இந்தத் தொழில் இதே வடிவில்தான் ஒத்துவந்தது. மழை குறைந்த, கோடை நீண்ட மண். குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். விவசாய வேலை இல்லாத மாதங்களில் கூலி தேடும் கைகள் ஏராளம். இப்படிச் சிதறிக் கிடக்கும் ஒரு தொழிலுக்குள் வெள்ளை பாஸ்பரஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லண்டனில் ஒரு ஆலைக்குள் பதினேழு பேரையே மறைக்க முடிந்தது. ஊர் ஊராகச் சிதறிய கூடங்களில் நோய் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணவும் ஆளிருந்திருக்காது. தீ விபத்து, வெடி, இருமல், தோல் எரிச்சல் என்று பல துயரங்கள் இத்தொழிலில் உண்டு. ஆனால் ஐரோப்பாவையே உலுக்கிய தாடை நோய் தமிழ்நாட்டுத் தீப்பெட்டித் தொழிலின் அடையாளமாக ஆகவில்லை. அதற்கு இங்கிருந்த ஆய்வாளர்களின் திறமை காரணமில்லை. நச்சு ஊருக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி இரண்டாவது வகைச் சட்டத்துக்கு வருவோம். 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. பெரிய ஆலையோடு கைவேலைக் கூடம் போட்டியிட முடியாது என்று சிறிய கூடங்களுக்கு வரியில் சலுகை கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது பல வடிவங்களில் தொடர்ந்தது. நோக்கம் நல்லது. விம்கோ போன்ற பகாசுர நிறுவனத்தின் எதிரில் தமிழ்நாட்டுக் கூடங்கள் நிமிர்ந்து நின்றதற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் சிறிதாக இருந்தால் வரி குறைவு என்றால், பெரிதாகாமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்? ஒரே முதலீடு பல பெயர்களில் பல கூடங்களாகப் பிரிந்து நின்றது. இதே சமயத்தில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. எண்ணிக்கை குறைந்தாலும் ஆபத்தான வேலையைச் சட்டத்துக்குள் கொண்டுவர 85ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது உண்மை. அதிகாரம் இருப்பது வேறு, ஆய்வாளர் வாசலில் வந்து நிற்பது வேறு. வரிச் சட்டம் தொழிலைச் சிறிய துண்டுகளாக்கித் தள்ளியது. பாதுகாப்புச் சட்டம் பெரிய துண்டுகளை மட்டும் தேடியது. ஒரே அரசின் இரண்டு கைகள் எதிரெதிர்த் திசையில் இழுத்தன.

குழந்தைத் தொழில் சட்டங்களும் இதே ஓட்டையில் விழுந்தன. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆபத்தான தொழில் பட்டியலிலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இருந்தன. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விலக்கு நீடித்தது. கூடத்தில் தடுக்கப்பட்ட வேலை திண்ணைக்குப் போய்விட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது குடும்ப வேலை. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகு நிலைமை மாறியதை மறுக்க முடியாது. ஆனால் தீர்ப்பு மட்டும் அதைச் செய்யவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு விரிவாக்கிய சத்துணவும், கிராமத்துக்குக் கிராமம் வந்த பள்ளிகளும் பிள்ளைகளை இழுத்தன. 2000த்துக்குப் பிறகு குச்சி அடுக்குவதையும் மருந்து முக்குவதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. பிஞ்சு விரல்களுக்கு வேலையே இல்லாமல் போனதும்தான் தடை முழுதாக நிலைத்தது. ஆளைத் தடுக்கும் விதிகூட, வேலையின் பொருளும் கருவியும் மாறும்போதுதான் பலன் தருகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணங்களும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு வாதத்தை வெல்வது நேர்மையாகாது. பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடுத்தது. மீறல்கள் தொடர்வதைக் கண்டு 2021 அக்டோபரில் மறுபடியும் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இதுவும் பொருளைத் தடுத்த சட்டம்தானே, ஏன் வெள்ளை பாஸ்பரஸ் தடையைப் போல எடுபடவில்லை? காவேரிப்பட்டினத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மாம்பழம். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது உணவுக் கலப்படத் தடை விதிகளின் காலத்திலிருந்தே குற்றம். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. தொழில்துறைக் கார்பைடில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் தடயமாக இருக்கும் என்பதே காரணம். ஆனாலும் ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் எங்காவது மண்டிகளில் சோதனை, பறிமுதல் என்ற செய்தி தவறுவதில்லை. இரண்டிலும் குறை ஒன்றுதான். தடை வந்த நாளில் மாற்று கையில் இல்லை, அல்லது சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகவில்லை. பழத்துக்கு எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுவரை பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளிப்படையாக அனுமதித்தது 2016இல்தான். அதற்குப் பிறகே பழுக்கவைக்கும் அறை கட்டுவது நியாயமான முதலீடாகத் தெரியத் தொடங்கியது. வெள்ளை பாஸ்பரஸுக்கோ தடைக்கு முன்பே இரண்டு மாற்றுகள் சந்தையில் இருந்தன. உள்நாட்டுச் சரக்கு, இறக்குமதிச் சரக்கு என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரே விதி பொருந்தியது. ஆக, பொருளைத் தடுத்தால் போதும் என்று மொட்டையாகச் சொல்ல முடியாது. மாற்றைக் கையில் கொடுத்து, எல்லோருக்கும் ஒரே நாளில் தடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தடை கறுப்புச் சந்தைக்குத்தான் உதவும்.

எல்லோருக்கும் ஒரே விதி என்பது எல்லைப்புறத்தில் வெறும் தத்துவம் இல்லை. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டிய முதல் கர்நாடக ஊரான அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீபாவளி வியாபாரத்துக்கு வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். ஒரே சாலை, ஒரே சரக்கு. உரிமம் பார்க்கும் அதிகாரிகள் இரண்டு மாநிலத்துக்காரர்கள். இரண்டு இடத்திலும் விதிப்புத்தகத்துக்குப் பஞ்சமில்லை: எவ்வளவு சரக்கு வைக்கலாம், குடியிருப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று வெடிபொருள் விதிகள் விரிவாகச் சொல்கின்றன. எல்லாம் இடத்தையும் நடத்தையையும் பற்றிய விதிகள். மீறினால் வெடிக்கும்வரை தெரியாது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1987ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமும் 1989ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளும் பெரிய ஆலைகளில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தன. ஓசூர் சிப்காட்டின் பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரியும் அவசரக்கால ஒத்திகையும் இருக்கின்றன என்றால் அதற்கு அந்தச் சட்டங்களே காரணம். அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் சிறு கூடத்தை அதே விதிகள் எட்டும்போது நீர்த்துப் போய்விடுகின்றன.

உற்பத்தியாளர்கள் சொல்லும் பொருளாதார வாதத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு ரூபாய் விலையிலேயே பதினான்கு ஆண்டு நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த ஆண்டு கிலோ 425 ரூபாய்க்கு விற்ற சிவப்பு பாஸ்பரஸ் 810 ரூபாய்க்குப் போனது. மெழுகும் அட்டையும் ஏறின. இவ்வளவு மெல்லிய லாபத்தில் நடக்கும் தொழில்மீது இன்னொரு ரசாயன விதியைப் போட்டால் தாங்குமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இத்தொழிலை உலுக்கியவற்றைக் கணக்கெடுத்தால் ரசாயன விதி அந்தப் பட்டியலில் மேலே வராது. 2017இல் ஜி.எஸ்.டி. கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று வந்து, 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 சதவீதமானது. இன்னொரு பக்கம் மலிவான வெளிநாட்டு சிகரெட் லைட்டர். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடுத்தது. உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டியதால் 2024 அக்டோபரில் உதிரி பாகத்தையும் தடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தடையைக் கேட்டு வாங்கியவர்கள் தீப்பெட்டி உற்பத்தியாளர்களே. பொருளை எல்லையிலேயே நிறுத்தும் விதியின் பலம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பலத்தை அவர்கள் தங்கள் கூடத்துக்குள்ளும் பயன்படுத்த வேண்டிய வேளை வந்திருக்கிறது. குச்சி மருந்தில் மிகச் சிறிய பங்கு பொட்டாசியம் டைகுரோமேட், கூடங்களில் பைகுரோமேட் என்பார்கள். பசையை இறுக்கி ஈரம் தாங்கவைப்பதும், எரிதலைச் சீராக்குவதும் அதன் வேலை. அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இலேயே உறுதி செய்தது. தோலில் பட்டால் ஆறாத புண் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்த முடியாது. குரோமியத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று படிக்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையில், தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமிய ரசாயனம் செய்துவந்த தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. தொழிற்சாலை போய்விட்டது, கழிவு போகவில்லை. ஒரு பொருளை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு அதன் பின்னால் ஓடுவது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி கிடைக்காது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான ஆள் எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாகவும், மின்விசை இல்லாத இடத்தில் இருபதிலிருந்து நாற்பதாகவும் உயர்த்திவிட்டது. ஆபத்தான வேலை நடக்கும் இடத்தை எண்ணிக்கை பாராமல் சட்டத்துக்குள் கொண்டுவர அறிவிக்கை வெளியிடும் அதிகாரமும் அதில் இருக்கிறது. தீப்பெட்டி மருந்து அறையை அப்படி அறிவித்தால் நல்லதுதான். ஆனால் காவேரிப்பட்டினத்திலும் குடியாத்தத்திலும் இருக்கும் ஒவ்வொரு கூடத்துக்கும் ஆய்வாளர் வந்து கையுறை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார் என நம்பியிருப்பது, லண்டன் 1898இல் தோற்ற அதே நம்பிக்கைதான். அரசு செய்ய வேண்டியது மூன்று. பைகுரோமேட் இல்லாத மருந்துக் கலவையை அரசு ஆய்வகத்தில் சோதித்து, அதன் செய்முறையைக் காப்புரிமைத் தொல்லை இல்லாமல் எல்லாக் கூடங்களுக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கலவையை மாற்றுவதற்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசமும் அந்தக் காலத்துக்கு வரிச் சலுகையும் தர வேண்டும். அவகாசம் முடியும் நாளில் உள்நாட்டுச் சரக்கு, இறக்குமதிச் சரக்கு இரண்டுக்கும் சேர்த்து, தீப்பெட்டிக்கான இந்தியத் தர வரையறையிலேயே அந்தப் பொருளைத் தடுத்துவிட வேண்டும். உற்பத்தியாளர் சங்கங்கள் இதை எதிர்ப்பதைவிடத் தாங்களே முன்வந்து கேட்பது நல்லது. இல்லாவிட்டால் இந்தத் தடை ஒரு நாள் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து, அவகாசமும் சலுகையும் இல்லாமல், அவர்கள் தலையில் வந்து விழும்.